பின்சக்கரத்தில் எண்ணெய் வடிகிறதா? பழைய லாரியின் ஆக்சில் சீல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"இடப்பக்கப் பின்சக்கரம் நனைந்திருக்கிறது அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளுங்கள்." புளியரைச் சோதனைச் சாவடி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து சொன்னார். ஆனி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர்தான் என்று நினைத்து நான் வண்டியை எடுத்துவிட்டேன். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோதுதான் அது மழையில்லை என்று தெரிந்தது. பின்னால் சுரண்டைச் சந்தையில் ஏற்றிய காய்கறி. முதல் கியரில் ஊர்ந்தே தென்மலை போய்ச் சேர்ந்தேன்.

ஆக்சில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். அந்தச் சீலை இரண்டு மாதத்தில் மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் ஒழுகியது. நான்காவது முறை புனலூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்கின் மேல் காய்ந்து இறுகிக் கிடந்த செம்மண்ணைச் சுரண்டினார். மண்ணுக்குள் புதைந்து கிடந்த காற்றுத் துளை வெளியே வந்தது. "சீல் பாவம், உள்ளே மூச்சு முட்டினால் அது என்ன செய்யும்?" என்றார். அதன் பிறகுதான் புதுச் சீலைப் போட்டார். அந்தச் சீல் மூன்று மழைக்காலம் நின்றது.

ஆகவே சீலை எப்படிக் கழற்றுவது என்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். வண்டி என்ன காட்டுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

முதலில் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆறு சக்கர லாரிகளில் பாரத்தை ஆக்சில் ஷாஃப்ட் சுமப்பதில்லை. ஹவுசிங் குழாயின் முனையில் இரண்டு சாய்வு உருளை பேரிங்குகள் இருக்கின்றன; சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் அவற்றின் மேல் சுழல்கிறது, பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. ஷாஃப்ட் சக்கரத்தைத் திருப்ப மட்டுமே. அதனால்தான் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்டை உருவி எடுத்துவிட முடிகிறது. ஹவுசிங்கின் நடுவில் உள்ள பல்சக்கரப் பகுதிதான் கிரவுன்; அதன் எண்ணெய் குழாய் வழியாக ஷாஃப்டை ஒட்டி வெளிப்பக்கம் வரும். அதைத் தடுப்பவை சீல்கள். சில வண்டிகளில் ஹப் பேரிங் கிரீஸில் ஓடும். அங்கே குழாய் முனையில் ஒரு சீல் எண்ணெயைத் தடுக்கும், ஹப்பின் உட்புறத்தில் இன்னொன்று கிரீஸைத் தடுக்கும். வேறு சில வண்டிகளில் கிரவுன் எண்ணெயே ஹப்புக்கும் போகும். அங்கே உட்புறச் சீல்தான் கடைசி அரண். உங்கள் வண்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சீல் வாங்கப் போகாதீர்கள். ஜீப், கார் வகைகள் பலவற்றில் ஷாஃப்டே பாரம் சுமக்கும்; இங்கே சொல்லும் வேலைமுறை அவற்றுக்குப் பொருந்தாது.

டயரின் உட்பக்கச் சுவர் நனைந்திருக்கிறது

விரலில் தொட்டு முகருங்கள். கிரவுன் எண்ணெய் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. வாடை அவ்வளவாக இல்லாமல், கறுத்து, இளகிய மெழுகுபோல் வழவழவென்று இருந்தால் ஹப் கிரீஸ் உருகி வருகிறது. தண்ணீர்போல் மெல்லியதாக இருந்து, பட்ட இடத்தில் பெயிண்டைக் கிளப்பியிருந்தால் அது பிரேக் எண்ணெய். ஹைட்ராலிக் பிரேக் வண்டிகளில் வீல் சிலிண்டர் ஒழுகும்போது இப்படி ஆகும். அதற்கு ஆக்சில் சீலை மாற்றிப் பயனில்லை. காற்றுப் பிரேக் வண்டியில் இந்தச் சந்தேகமே எழாது.

கிரீஸ் ஹப் வண்டியில் எண்ணெயும் கிரீஸும் கலந்து கறுப்புக் குழம்பாக வந்தால், குழாய் முனைச் சீல் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் ஹப்புக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்து, அதையும் இழுத்துக்கொண்டு உட்புறச் சீல் வழியாக வெளியேறுகிறது. வெளியே ஒழுகும் சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கியர் பெட்டியிலிருந்து வரும் ஜாயிண்ட் ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் இடத்தில் உள்ள பினியன் சீல் ஒழுகினால், ஓடும்போது காற்று அந்த எண்ணெயைப் பின்னால் அடித்து ஹவுசிங் முழுவதும் பூசிவிடும். சக்கரம்தான் ஒழுகுகிறது என்று தோன்றும். ஹவுசிங்கையும் டிரம்மின் பின்தகட்டையும் நன்றாகத் துடைத்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து கோட்டைவாசல் வரை ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். எண்ணெய் முதலில் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கேதான் நோய்.

எண்ணெய் வெளிப்பக்கம், ஷாஃப்ட் தலையைச் சுற்றித் தெரிகிறது

இது எளிய வேலை. ஷாஃப்ட் தலைக்கும் ஹப்புக்கும் இடையில் உள்ள பேக்கிங் கிழிந்திருக்கும், அல்லது ஸ்டட் நட்டுகள் தளர்ந்திருக்கும். நட்டை இறுக்கிவிட்டு ஓடிப்போய்விடாதீர்கள். தளர்ந்த நிலையில் பாரத்தோடு மலை ஏறியிருந்தால் ஸ்டட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், ஸ்டட் பாதி வெட்டுப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புதுப் பேக்கிங் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவில்லை, அல்லது தீய்ந்த வாடை வருகிறது

இந்த அறிகுறியோடு ஒரு கிலோமீட்டர்கூட இறக்கத்தில் போகக் கூடாது. டிரம்மில் உராய்ந்து நிறுத்தும் பட்டைதான் லைனர்; எண்ணெய் குடித்த லைனர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது: ஒரு மிதிக்கு வழுக்கும், அடுத்த மிதிக்குச் சட்டென்று கவ்வும். அந்தச் சக்கரம் வேலை செய்யாதபோது மற்றச் சக்கரங்கள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்து சூடேறும். கோட்டைவாசலிலிருந்து தென்மலை வரை இறக்கம். திரும்பி வரும்போது புளியரை எஸ் வளைவு. இரண்டிலும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.

எண்ணெய் ஊறிய லைனரை நெருப்பில் காட்டி எரித்துவிட்டு மறுபடியும் போடுகிறார்கள். பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மேல்புறம் காய்ந்தாலும் உள்ளே ஊறியது டிரம் சூடேறியதும் மறுபடியும் கசியும். லைனரை மாற்றுங்கள், அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் சமமாக விழாது. பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பட்டறைப் பையன்கள் அந்தத் தூசியில் முகத்தை வைத்து ஊதுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

ஹப் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது

இறக்கம் இறங்கி நின்றவுடன் டிரம் சுடத்தான் செய்யும். சமதரையில் பிரேக் அதிகம் போடாமல் ஓடிய பிறகு ஒரு பக்கம் மட்டும் சுட்டால்தான் கவலைப்பட வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேரிங் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது கிரீஸ் கரைந்து வறண்டு ஓடுகிறது. இந்தச் சூட்டில் சீல் ரப்பர் வெந்துபோகும். சாதாரணமாகக் கிடைக்கும் நைட்ரைல் ரப்பர் சீல் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் தாக்குப்பிடிக்கும். வைட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும், விலை அதிகம். தினமும் மலை இறங்கும் வண்டிக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து. ஆனால் பேரிங் கோளாறை அப்படியே விட்டுவிட்டு வைட்டான் சீல் போடுவது வீண் செலவு.

கிரவுன் எண்ணெய் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருக்கிறது

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் கொல்லம் பக்கம் சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, இறக்கம் இறங்கி வந்த சூட்டோடு வண்டியை அதற்குள் விட்டால் ஹவுசிங் சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். காற்றுத் துளை அடைபட்டிருந்தால் சீல் உதட்டின் வழியாகத் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். அந்த எண்ணெயை முழுவதுமாக இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பேரிங்குகளையும் கழற்றிப் பாருங்கள். உருளைகளில் துருப் புள்ளி விழுந்திருந்தால் அவை இனி உதவாது.

சீல் மாற்றியும் ஒழுகுகிறது

என்னை அலைக்கழித்தது இதுதான். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

முதல் சந்தேகம் காற்றுத் துளை. பட்டறையில் பிரீதர் என்பார்கள். ஹவுசிங்கின் மேல்புறத்தில் சிறு மூடியோடு இருக்கும். மூடிய பெட்டிக்குள் 30 டிகிரியில் இருந்த காற்று 90 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். சீலின் உதடு எண்ணெயை வழித்து நிறுத்துவதற்காகச் செய்தது. அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. காற்று வெளியேற வேறு வழி இல்லையென்றால் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். சோதிப்பது எளிது: ஓடி நின்ற வண்டியில், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றும் அடைப்பை மெல்லத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று வந்தால் துளை அடைபட்டிருக்கிறது. கழற்றி டீசலில் கழுவி, வாயால் ஊதினால் தாராளமாகக் காற்று போக வேண்டும். இரும்புக் கம்பியை வைத்துக் குத்தி அதன் மூடியைக் கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, எண்ணெய் அளவு. "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று ஊற்றுகிறார்கள். கூடினால் எண்ணெய் குழாய் வழியாகச் சீலின் மேல் ஓயாமல் அலையடிக்கும். சமதரையில், ஆறிய வண்டியில், பக்கவாட்டு அடைப்பின் துளையின் கீழ் உதடு வரை இருந்தால் போதும். அடைப்பைத் திறந்ததும் எண்ணெய் கொட்டினால் கொட்டட்டும், தானாக நிற்கும்வரை விடுங்கள்.

மூன்றாவது, சீலின் உதடு உராயும் இரும்பு வளையமான காலர். பழைய சீலின் உதடு பல லட்சம் சுற்று உராய்ந்து அந்த இரும்பில் ஒரு பள்ளக் கோடு போட்டிருக்கும். நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுச் சீல் நிற்காது. அதற்கென்று மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது, கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடிய தடிமன்தான். தேய்ந்த இடத்தின் மேல் ஏற்றிவிடலாம். அது கிடைக்காத ஊரில் கடைசல் பட்டறையில் புதுக் காலர் செய்து வாங்குங்கள். இடம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளி உட்காரவைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளத்தைச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள். சாய்ந்த கீறல்கள் விழுந்தால், சுழற்சியில் அவையே எண்ணெயை வெளியே இறைத்துவிடும்.

நான்காவது, பேரிங் ஆட்டம். ஹப் ஆடினால் சீலின் மையமும் ஆடும். எவ்வளவு நல்ல சீலும் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். கடகடவென்று கையில் தெரிந்தால் சீல் கடைக்குப் போவதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள்.

கடையில் பல ஆண்டு தொங்கிய சீலும் உங்களை ஏமாற்றும். ரப்பர் இறுகிப்போயிருக்கும். உதட்டை விரலால் மடக்கினால் மெத்தென்று வளைந்து உடனே திரும்ப வேண்டும். விறைத்து நின்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சடித்திருக்கும். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல், கழற்றிய சீலைக் கையில் கொண்டுபோய் எண்களை ஒப்பிடுங்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் ஹவுசிங்கையே மாற்றியிருக்கலாம்.

இனி மாற்றும் வேலை

சமதரை வேண்டும். மலைப்பாதை ஓரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காரணம் வெறும் சாய்வு மட்டுமில்லை. ஒரு பக்க ஷாஃப்டை உருவியதும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சுதந்திரமாகிவிடும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். ஜாயிண்ட் ஷாஃப்டைப் பிடிக்கும் கைப்பிரேக்காக இருந்தால் அதுவும் பயன்படாது. ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கல்லை வைத்தீர்கள் என்றால், வேலை முடிந்ததும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். லாரிக்காரர்கள் விட்டுப்போன கல்லில் இரவில் இருசக்கர வாகனங்கள் மோதி விழுவதை இந்தப் பாதையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பழி நமக்கு வேண்டாம்.

ஜாக்கியால் தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில் உறுதியான மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து, பாரத்தை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். வேலை செய்யும் பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் எண்ணெய் மறுபக்கம் போய்விடும், முழுவதும் இறக்க வேண்டிய தேவை இருக்காது. பின்சக்கரத்தில் காற்று இறங்கியதும் தானே கவ்வும் ஸ்பிரிங் பிரேக் இருந்தால் அதை விடுவித்தால்தான் டிரம் வரும். அதன் ஸ்பிரிங் அடங்கிய வட்டப் பெட்டியான பூஸ்டரைச் சுற்றியுள்ள பட்டை எதையும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே இறுகி நிற்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். லைனர் இடைவெளியை அமைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பின்னால் திருப்பி லைனரைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் தலை நட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்டட்டைச் சுற்றிக் கூம்பு வளையங்கள் இருந்தால் ஷாஃப்ட் தலையின் நடுவில் பித்தளைக் கட்டையை வைத்து ஓங்கி அடித்தால் அவை குதித்து வெளிவரும். சில தலைகளில் உந்தி எடுக்க மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் ஷாஃப்ட் தானே வெளிவரும். உளியை இடுக்கில் அடித்துப் பிளக்காதீர்கள், பேக்கிங் முகம் கெட்டுவிடும். ஷாஃப்டை நேராக உருவுங்கள். பாதியில் தொங்கவிட்டால் குழாய் முனைச் சீலின் மேல் அதன் பாரம் முழுவதும் விழும். அடியில் ஒரு தட்டு வைக்க மறக்க வேண்டாம்.

சக்கரங்களைக் கழற்றும்போது ஒரு கவனம்: பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகள் எதிர்ப்புரி. திருகு கழலவில்லை என்று குழாயைப் போட்டு நெம்பினால் போல்ட் முறியும். பிறகு லாக் நட்டின் வாஷர் நாக்கை நிமிர்த்தி, வெளி நட்டு, வாஷர், உள் நட்டு என்று வரிசையாக எடுத்துச் சுத்தமான துணியில் அதே வரிசையில் வையுங்கள். வெளிப் பேரிங்கைக் கையில் வாங்கிக்கொண்டு ஹப்பை இழுங்கள். டிரம்மோடு சேர்ந்து வரும். இரண்டு ஆள் வேண்டும். தரையில் சறுக்கி வரும்படி எண்ணெய் தடவிய தகட்டை அடியில் போட்டால் முதுகு பிழைக்கும்.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஹப் துளையின் சுவரில் உளி படக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் வழியாகச் சீலின் வெளிப்புறமாகவே எண்ணெய் கசியும். எல்லாவற்றையும் டீசலில் கழுவி உலர்த்துங்கள். டிரம்மின் உட்புறத்தை மட்டும் சோப்புத் தூளும் வெந்நீரும் கொண்டு கழுவுங்கள், டீசல் பட்டால் படலம் நிற்கும். பேரிங் உருளைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால், குழி விழுந்திருந்தால், உருளையையும் அதன் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதுச் சீலின் சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன். உதட்டில் எண்ணெய் தடவுங்கள்; உலர்ந்து ஓடினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். உட்கார்த்தும்போது சுத்தியல் நேராகச் சீலில் படக் கூடாது. வெளிவிட்டத்துக்குச் சரியான பழைய பேரிங் கிண்ணத்தையோ தட்டையான தகட்டையோ மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். கோணலாக இறங்கினால் திருப்பி எடுத்துப் போடுவது பயன்படாது, இன்னொன்று வாங்க வேண்டும். ஹப்பை ஏற்றும்போது மரை முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க, மரையின் மேல் செல்லோ டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் உரித்துவிடலாம்.

பேரிங் இறுக்கம் கையில் பழக வேண்டிய விஷயம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். கனமாகத் திரும்பும்போது நிறுத்தி, ஆறில் ஒரு சுற்றிலிருந்து கால் சுற்று வரை தளர்த்துங்கள். டயல் கேஜ் உள்ள பட்டறையாக இருந்தால் ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வாஷர் நாக்கை மடக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கிரீஸ் ஹப் என்றால் பேரிங் உருளைகளுக்கு இடையில் உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். எண்ணெய் ஹப் என்றால் மூடுவதற்கு முன் ஹப்புக்குள்ளேயே எண்ணெய் ஊற்ற வேண்டும். கிரவுனிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை பேரிங் வறண்டு ஓடக் கூடாது. எண்ணெய் பெரும்பாலும் ஜி.எல்.-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140. ஷாஃப்டைப் பல்லில் சேர்க்கும்போதும் கையால் தூக்கிப் பிடித்தே உள்ளே விடுங்கள். புதுப் பேக்கிங், நட்டுகள், சக்கரம், ஸ்லாக் அட்ஜஸ்டர் சரிசெய்தல். அத்தோடு காற்றுத் துளையையும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

முதலில் வெறும் வண்டியாகச் சமதரையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து, எண்ணெய் அளவை மறுபடியும் பாருங்கள். எண்ணெய் ஹப் வண்டியில் எண்ணெய் ஹப்புக்குள் போயிருப்பதால் கிரவுனில் குறைந்திருக்கலாம். பிறகு பாரத்தோடு முதல் முறை இறங்கும்போது தென்மலையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஹப் மூடியருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஷாஃப்ட் தலை நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டயரின் உட்சுவரை வேஸ்ட் நூலால் துடையுங்கள். நூலில் கறை ஏறவில்லை என்றால் புனலூருக்கு வண்டியை எடுக்கலாம்.